சேர்ப்பவன் யார்?

பெரியபுராணத்தின் அறுபத்துமூவரில் சாக்கிய நாயனார் தனி ரகம். சங்கமங்கையில் பிறந்தவர், பிறவிக்கு ஒரு முடிவு தேடிக் காஞ்சிக்குப் போய்ப் பௌத்தத் துறவியாகிறார். அங்கே நெடுநாள் ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வருகிறார்: உலக நடப்பை விளக்கச் செயல், செய்பவன், பயன் என்ற மூன்று போதாது, செயலைப் பயனோடு சேர்ப்பவன் என்று நான்காவதாக ஒருவன் வேண்டும். அதற்குப் பிறகும் பௌத்தக் கோலத்தை அவர் களையவில்லை. அதே உடையோடு நாள்தோறும் இலிங்கத்தின்மேல் கல்லெறிந்து வழிபட்டார். அந்தக் கல்தான் மக்கள் நினைவில் நின்றிருக்கிறது. நம்முடைய காலத்துக்குப் பயன்படுவது அந்த நான்காவது ஆள். ஒருவர் தெரிவிக்கும் குறையையும் அதன்மேல் நடக்கும் வேலையையும் ஆள் தலையீடே இல்லாமல் இணைத்துவிட முடிகிறபோது, சேர்ப்பவன் என்று ஒருவன் இன்னும் தேவையா? சிங்கப்பூரைவிட இந்தக் கேள்வி கூர்மையாக எழும் ஊர் குறைவு.

2014 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் நடைபாதையோரம் கிடந்த ஒரு மீன் உருண்டைக் குச்சியைப் பற்றிப் பேசினார். பக்கத்துச் சரிவு ஓர் அமைப்பின் பொறுப்பு, நடைபாதை வேறொன்றின் பொறுப்பு, சாலையோரம் இன்னொன்றின் பொறுப்பு. குச்சியைப் பொறுக்க ஆள்கள் இருந்தார்கள். எந்த ஆள் என்று சேர்த்துவைக்கத்தான் வழியில்லை. அவ்வாண்டே நகராட்சிச் சேவைகள் அலுவலகம் அமைந்தது. 2015 ஜனவரியில் ஒன்சர்வீஸ் செயலி வந்தது. படம் எடுத்து, இடத்தைக் காட்டி, வகையைத் தொட்டுவிட்டால், எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்பதை அமைப்பு பார்த்துக்கொள்ளும். பின்னர் அரசாங்கத்தின் ஓப்பன் கவர்மென்ட் ப்ராடக்ட்ஸ் குழு, படிவம் தயாரிக்க ஃபார்ம்எஸ்ஜி, அதை மற்றவற்றோடு இணைக்கப் பிளம்பர் என்று கருவிகளைச் செய்தது. நிரல் எழுதத் தெரியாத அதிகாரியும், படிவம் வந்தால் மின்னஞ்சல் அனுப்பு, அட்டவணையில் ஒரு வரி சேர், இன்ன பதில் இருந்தால் இன்னாருக்குத் தெரிவி என்று தானே கோத்துவிடலாம். தனியார் துறையில் 2011இல் தொடங்கிய ஜேப்பியர் போன்றவை தரும் வசதியும் இதுதான். தேக்காவில் உள்ள ஒரு சிறு உணவகம்கூட வாடிக்கையாளர் கருத்தை ஊழியர்களின் வேலைப் பட்டியலோடு ஒரு பிற்பகலில் இணைத்துவிட முடியும்.

இந்திய மெய்யியலில் இந்த ஆளில்லா இணைப்புக்கு மிக நெருக்கமான கொள்கை மீமாம்சகர்களுடையது. வேள்வி முடிந்தாலும் அதன் ஆற்றல் ‘அபூர்வம்’ என்ற பெயரில் நிற்கும். உரிய காலத்தில் அதுவே பயனைத் தரும். நடுவில் கடவுள் எதற்கு என்பது அவர்கள் கட்சி. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் மறுக்கும் தரப்புகளுள் இதுவும் ஒன்று. வினை அறிவற்றது, யார் செய்தது, யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று அதற்குத் தெரியாது, ஆகவே அறிவுள்ள ஒருவன் கூட்டுவிக்க வேண்டும் என்பது சித்தாந்தம். மீன் உருண்டைக் குச்சியைப் பொறுத்தவரை மீமாம்சகர் சொல்வதே சரி என்று தயங்காமல் ஒப்புக்கொள்ளலாம். குச்சி குச்சிதான். அதைப் பற்றிச் சிந்திக்க ஓர் உயரதிகாரியை உட்காரவைப்பது வீண். சிக்கல், எல்லாக் குறைகளும் குச்சிகள் அல்ல என்பதில் இருக்கிறது. குறை எந்த வகையைச் சேர்ந்தது என்று யாரும் பார்ப்பதற்கு முன்பே, இப்படிக் கோத்துவைத்த இணைப்புக் குழாய் அதை எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறது.

சிலப்பதிகாரத்தில் பாண்டியன் இட்ட ஆணையின் வடிவத்தை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். அரசியின் ஊடலைத் தீர்க்கப் போகும் அவசரத்தில் இருக்கிறவனிடம் பொற்கொல்லன் வந்து, அரசியின் சிலம்பைத் திருடிய கள்வன் அகப்பட்டான் என்கிறான். அரசன் காவலரை அழைத்து, சிலம்பு அவன் கையில் இருக்குமானால் அவனைக் கொன்று அதைக் கொண்டுவரச் சொல்கிறான். ஒரு நிபந்தனை, ஒரு செயல். நிபந்தனை பொய்க்கவில்லை, கோவலன் கையில் சிலம்பு இருந்தது. ஆணையும் எழுத்துப் பிசகாமல் நிறைவேறியது. இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்று காவலருக்கே ஐயம் வந்தது. ஆனால் ஆணையில் ஐயத்துக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. பிறகு அதே அரண்மனைக்கு வந்து தன் ஊரைச் சொல்லும் கோவலன் மனைவி கண்ணகி, கன்றை இழந்த பசு சோழன் வாயிலில் அடித்த மணியை எடுத்துக்காட்டுகிறாள். மணியும் ஓர் ஏற்பாடுதான். அடிப்பது பசுவா மனிதனா என்று அது பார்ப்பதில்லை. அது செய்ததெல்லாம் சோழனை எழுப்பியதோடு சரி. தீர்ப்பு அவன் பாடு. கவனத்தை எழுப்பும் இணைப்பு ஒன்று, கவனத்தின் நாற்காலியில் தானே உட்கார்ந்துகொள்ளும் இணைப்பு மற்றொன்று. இரண்டையும் ஒரே திரையில் ஒரே விதமான கட்டங்களாக வரைந்துவிட முடிவதால் வேறுபாடு கண்ணில் படுவதில்லை.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. 2024இல் மக்கள்தொகை 60 லட்சத்தைத் தாண்டிய நகரத்தில் ஒவ்வொரு முறையீட்டையும் ஒரு மனிதர் கேட்பது நடக்காது. அதைவிட முக்கியமானது, மனித வாயிலோன் நடுநிலையானவன் அல்ல. ஆளைப் பார்த்து, நிறத்தைப் பார்த்து, மொழியைப் பார்த்துக் கதவைத் திறப்பான். படிவமோ எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறது. நியாயமான வாதம். ஆனால் கண்ணகியைக் கண்ட வாயிலோன் செய்ததைப் பாருங்கள். கொற்றவையும் அல்லள், காளியும் அல்லள் என்று ஒவ்வொரு வகையாகத் தள்ளிவிட்டு, கணவனை இழந்தவள், கையில் சிலம்பு என்று கண்டதை அப்படியே சொன்னான். இன்றைய படிவத்தில் அவள் ‘மற்றவை’ என்ற பெட்டியில் விழுந்திருப்பாள். அப்படிப்பட்டவர்களைக் கேட்கும் இடத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: லிட்டில் இந்தியாவில் 2008இல், வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் டிடபிள்யூசி2 அமைப்பு கஃப் ரோடு திட்டத்தைத் தொடங்கியது. வேலையில்லாமல், காயத்துக்கான இழப்பீட்டுக்கோ சம்பளப் பாக்கிக்கோ காத்துக்கிடக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு இலவச உணவு. சோறு போடுவதோடு அது நிற்கவில்லை. சாப்பிட வந்தவரோடு பேச ஆள் இருந்ததால், எந்தக் கட்டத்திலும் அடங்காத சங்கதிகள் அங்கே வெளிவந்தன. தன் சிக்கலுக்கு என்ன பெயர் என்றே தெரியாதவனிடம் எல்லாரிடமும் கேட்கும் கேள்வியையே கேட்பது சமத்துவம்தான். அவன் குறை மட்டும் கேட்கப்படாமலே போய்விடும். எல்லாருக்கும் ஆள் வேண்டும் என்று சொல்லவரவில்லை. ‘மற்றவை’ பெட்டி எந்தத் தானியங்கி விதியிலும் முடியாமல் ஒரு மனிதரின் மேசையில் முடியட்டும். அதற்கு வேண்டிய நேரத்தை, குச்சிகளைக் குழாயிடம் விட்டதால் மிச்சமான நேரத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

மனிதர் மட்டும் தவறு செய்வதில்லையா என்பது அடுத்த கேள்வி. செய்கிறார்கள். 2011 ஆகஸ்டில் ஒரு பழைய சச்சரவு செய்தியானது. பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பம் சமைக்கும் கறியின் வாடை தாங்கவில்லை என்று சீனாவிலிருந்து குடியேறிய ஒரு குடும்பம் முறையிட்டது. சமரச நிலையத்தில் பேசி, முறையிட்ட குடும்பம் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைப்பது என்று முடிவானது. பலருக்கு இது அநியாயமாகப் பட்டது. ஆகஸ்ட் 21ஆம் தேதி வீட்டுக்கு வீடு கறி சமைப்போம் என்று இணையத்தில் பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள். சமரசர் திணித்த தீர்ப்பு அல்ல அது, குடும்பங்களே ஏற்றுக்கொண்டது என்று அப்போதைய சட்ட அமைச்சர் கா. சண்முகம் விளக்க வேண்டியிருந்தது. முடிவு சரியோ தவறோ, ஏன் என்று கேட்க எதிரே ஆள்கள் இருந்தார்கள். வாடை என்ற வகை, அறிவுரைக் கடிதம் என்ற செயல், முடிந்தது என்ற முத்திரை என்று ஒரு குழாய் இதை முடித்திருந்தால், முறையிட்டவருக்கு நன்றிக் குறுஞ்செய்தி போயிருக்கும். விளக்கம் சொல்ல ஒருவரும் கிடைத்திருக்க மாட்டார்கள். பாண்டியனும் தவறியவன்தான். ஆனால் கள்வன் என்ற பெயரைத் தன்மேல் போட்டுக்கொண்டு உயிர்விட அவனால் முடிந்தது. எந்த விதியாலும் அது ஆகாது.

பௌத்தர் தரப்பிலிருந்து வரும் மறுப்பை எளிதில் ஒதுக்க முடியாது. 2020 கணக்கெடுப்பின்படி இங்குள்ள 15 வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் 31.1 விழுக்காட்டினர் அவர்கள், இந்துக்கள் 5 விழுக்காடுதான். காரணங்கள் கூடினால் காரியம் விளையும், சேர்ப்பவன் என்று தனியே ஒருவன் வேண்டியதில்லை என்பார்கள். சாக்கியர் உடையை மாற்றாமலே தாண்டிவந்த இடம் இது. ஆனால் பௌத்தமே சேதனையை, அதாவது எண்ணத்தை, வினையின் உயிராக வைக்கிறது. அப்படியானால் விதியைக் கோத்தவரின் எண்ணம் அது ஓடும் ஒவ்வொரு முறையும் செயல்படுகிறது; நள்ளிரவில் அவர் தூங்கிக்கொண்டிருந்தாலும் செய்பவர் அவரே. இரு தரப்பும் இங்கே எனக்கு ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. தலைவலி வேறிடத்தில். சித்தாந்தியின் இறைவனுக்கு இடமாற்றம் கிடையாது, அதிகாரிக்கு உண்டு. குழாயை வரைந்தவர் வேறு அமைச்சுக்குப் போனபின்னும் அவர் வைத்த நிபந்தனைகள் அவர் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். புதிதாக வந்தவருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாமல் போகலாம். ஆகவே, மனிதரின் வீட்டையோ கூலியையோ உடலையோ தொடும் இணைப்பு ஒவ்வொன்றும் உயிரோடிருக்கும் ஒருவரின் பெயரில் இருக்க வேண்டும். அவர் பொறுப்பை விட்டு விலகும் நாளில் குழாயும் நின்றுவிட வேண்டும். அடுத்தவர் அதைப் படித்துப் பார்த்துத் தன் பெயரைப் போட்ட பிறகே மறுபடி ஓட வேண்டும். இடையில் சில நாள் முறையீடுகள் தேங்கும், தேங்கட்டும்.