ஆன்லைன் ஓட்டும் பொய் சாட்சியமும்



தேர்தல் நாளில் பம்மல்வாசிகளான நாம் பல்லாவரம் தொகுதிக்கு ஓட்டுப் போட்டால் இடதுகை விரலில் மை வைக்கிறார்கள். 1962 பொதுத் தேர்தலிலிருந்து தொடரும் வழக்கம் இது. அடுத்த முதல்வர் யார் என்று கைபேசியில் வரும் கருத்துக்கணிப்புக்கு மை கிடையாது. வேறு போன், வேறு மின்னஞ்சல், இன்னொரு ஓட்டு. கேட்டால், "விளையாட்டுதானே ஹஜ்ரத், அவர்களே அனுமதிக்கிறார்களே" என்கிறார்கள்.

2007-ல் புதிய ஏழு உலக அதிசயங்களுக்கு வாக்கெடுப்பு நடந்தது நினைவிருக்கிறதா? தாஜ்மஹாலுக்காக எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லி நாடெங்கும் பிரசாரம். ஒருவரே பலமுறை அனுப்பலாம். சுமார் 10 கோடி ஓட்டு என்றார்கள். ஓட்டு சரி, மனிதர்கள் எத்தனை பேர்? இது இணையம் உள்ளவர்களின் கருத்துதான், உலகத்தின் கருத்தல்ல என்று யுனெஸ்கோ ஒதுங்கிக்கொண்டது.

தாஜ்மஹால் விஷயத்தில் யாருக்கும் நஷ்டமில்லை. அரசியலில் அப்படியா? நாம் பத்து முறை அழுத்திய எண்ணைப் பத்துப் பேர் என்றே அடுத்தவர் படிக்கிறார். ஜெயிக்கிற பக்கம் போவோம் என்று மனம் மாறுகிறார். அனுமதி பட்டனை அழுத்துவதற்குத்தான். அவரை ஏமாற்ற யார் அனுமதித்தது?

பெரும்பாவங்களை எடுத்துச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், பொய் சாட்சியம் என்று வந்ததும் சாய்ந்திருந்த நிலையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நிறுத்த மாட்டார்களா என்று தோழர்கள் எண்ணுமளவு திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள். புகாரியில் பதிவான செய்தி இது.

இனி அப்படியொரு முடிவை மஹல்லா வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தால், ஒருவரே பலமுறை போடக்கூடிய கணிப்பு இது என்று கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள்.