பார்க்கும் ஆசையும் அருளும்

நோர்வூட்டைத் தாண்டிப் போகும் வீதியில் உள்ள பொகவந்தலாவையில், புனித மேரி தேவாலயத்தில் ஜூலியா மார்கரெட் கெமரனின் கல்லறை இருக்கிறது. 48 வயதில் மகளும் மருமகனும் பரிசளித்த கெமராவைப் பித்துப் பிடித்தவர்போலக் கையாண்டவர் அவர். டெனிசனும் டார்வினும் அவர் முன்னால் உட்கார்ந்தார்கள். 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயா கிளென்கேர்ன் தோட்டத்தில் கண்மூடினார். இங்கே அவர் எடுத்த படங்களில் தமிழ்த் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். டார்வினுக்குப் பெயர் உண்டு. பெரும்பாலும் இவர்களுக்கு இல்லை.

இன்று அதே மலைகளில் கெமரா வேறொரு முகத்தைத் தேடுகிறது. உலகில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத ஒரு சிறுத்தைத் துணையினத்தின் முகம் அது. காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டிய டன்கெல்ட் பகுதியில் ஆய்வாளர்கள் தானியங்கிக் கெமராக்களை மரத்தில் கட்டி வைக்கிறார்கள். அதுவும் பாதையின் இருபுறமும் எதிரெதிராக. சிறுத்தையின் இடப்பக்கத்துப் புள்ளிக்கோலம் வலப்பக்கத்தில் இருக்காது. இரண்டு பக்கமும் பதிவானால்தான் ‘இது இன்ன சிறுத்தை’ என்று அடித்துச் சொல்லமுடியும். கெமரனின் படங்களில் தொழிலாளிக்குக் கிடைக்காத தனி அடையாளம் இப்போது விலங்குக்குக் கிடைக்கிறது. நல்ல காரியம்தான், கொஞ்சம் உறுத்தினாலும்.

ஒரு மிருகத்தின்மேல் வைக்கும் இந்தத் தீராத ஆசை அறமா, வெறும் பற்றா?

ஆசை என்றால் வேட்டைக்காரர்களுக்கும் இருந்தது. 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் றொஜர்ஸ் யானையை அறியாதவர் அல்லர். அதன் தடமும் குணமும் அத்துப்படி. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். நுவரெலியாவில் உள்ள அவர் கல்லறையிலும் இடி விழுந்ததென்று கதை சொல்லும் ஊர்க்காரர்கள், அதில் ஒரு நியாயத்தீர்ப்பைப் பார்க்கிறார்கள். துப்பாக்கி போய்க் கெமரா வந்தது பெரிய மாற்றம், உயிர் தப்புகிறதே! ஆனால் யாலவில் ஒரு சிறுத்தை மரத்தில் தெரிந்தால் முட்டி மோதும் ஜீப் வரிசையைப் பார்த்தவர்களுக்கு, ‘எனக்கு வேண்டும்’ என்ற அந்தப் பழைய தவிப்பு முழுதாகப் போய்விடவில்லை என்று தெரியும்.

வள்ளுவர் இதைக் கூர்மையாகப் பிரித்து வைத்தார். அன்புடைமை எட்டாம் அதிகாரம், இடம் இல்லறம். அருளுடைமை இருபத்தைந்தாம் அதிகாரம், இடம் துறவறம். தொடர்புடையவர் மேல் செல்வது அன்பு, தொடர்பு பாராமல் எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்பது உரை மரபு. சிறுத்தைமேல் மட்டும் பொங்கி, அது நடமாடும் மலையில் கொழுந்து பறிப்பவள்மேல் பொங்காத உணர்ச்சிக்கு அருள் என்ற பெயர் பொருந்தாது.

2020 மே 26ஆம் திகதி நல்லதண்ணி, லக்ஷபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிக் கண்ணியில் சிக்கியது. உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை அளித்தும் 29ஆம் திகதி இறந்தது. அது சிக்கிய நல்லதண்ணி, சிவனொளிபாத மலையின் அடிவாரம். புலித்தோல் உடுத்தவனின் பாதம் என்று நம்பி, சைவர்கள் மலையேறப் புறப்படும் இடம். கண்ணியில் சிக்கிய சிறுத்தையின் படங்களைப் பார்த்து நாடே கண்ணீர் விட்டது. கண்ணி வைத்தவனைத் திட்டுவதும் சுலபமாக இருந்தது.

தோட்டங்களில் இப்படிக் கண்ணி வைப்பது பெரும்பாலும் சிறுத்தைக்கு அல்ல, காட்டுப்பன்றிக்கு. லயத்துக்குப் பின்னால் கையகல மரக்கறித் தோட்டம். ஒரே இரவில் பன்றிக் கூட்டம் கிளறிவிட்டால் அந்தப் போகம் போச்சு. கிளச் கம்பியில் ஒரு சுருக்கு, ஒரு முளை, அவ்வளவுதான் செலவு. பன்றியும் சிறுத்தையும் அதற்கு ஒன்றே. இழுக்க இழுக்க இறுகும்.

மலையக மக்கள் இந்த மலையைத் தங்களுக்கு மட்டும் சொந்தமென்று நினைத்தவர்கள் அல்லர். கவ்வாத்துச்சாமிக்கும் கொழுந்துச்சாமிக்கும் கல் நட்டு, கும்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்கியவர்கள். தேயிலைச் செடிக்கடியில் படுத்திருக்கும் சிறுத்தை பாய்ந்து காயப்படுபவர்களும் அவர்கள்தான். லயத்து நாயைப் பறிகொடுப்பவர்களும் அவர்கள்தான். சிறுத்தையோடு வாழும் விலையை அவர்கள் கொடுக்க, படம் மட்டும் மற்றவர்களுக்குப் போகிறது.

அந்தக் கணக்கை நேர்செய்ய ஆசைப்படும் ரசிகர் செய்யக்கூடியவை உண்டு. மரக்கறித் தோட்டத்துக்குப் பன்றி நுழையாத வேலி, லயத்து முற்றத்தில் எரிகிற விளக்கு, நாய்க்கு இரவில் அடைக்க ஒரு கூண்டு, காயப்பட்டவருக்கு அலைச்சல் இல்லாத நட்டஈடு. ஒரு நீள லென்ஸின் விலையில் எத்தனை மரக்கறித் தோட்டங்களுக்கு வேலி போடலாம் என்று லென்ஸ் வைத்திருப்பவர்களே கணக்குப் பார்க்கட்டும்.