ஆசிரியர் முன் வினா: தாய்லாந்து வகுப்பறையும் பௌத்த மரபும்

தாய்லாந்தின் வகுப்பறைகளில் பாடத்தை முடித்துவிட்டு "புரிந்ததா?" என்று ஆசிரியர் வினவும்போது "புரிந்தது" என்னும் விடை ஒரே குரலாக எழுவதும், அதன் பின்னர் எவரும் தனியே ஐயம் எழுப்பாதிருப்பதும் அந்நாட்டுக் கல்வியாளர்களும் அங்குப் பணியாற்றிய அயல்நாட்டு ஆசிரியர்களும் நெடுங்காலமாகச் சுட்டி வரும் செய்திகள். மக்களில் பத்தில் ஒன்பது பங்கினருக்கு மேல் தேரவாத பௌத்தர்களாக உள்ள நாடு அது என்பதால், குருபக்தியை வலியுறுத்தும் பௌத்தமே இந்த மௌனத்துக்கு வேர் என்று எளிதில் முடிவு கட்டப்படுகிறது. இம்முடிவு பௌத்த நூல்களுக்கும் நீதி செய்வதில்லை, மாணவருக்கும் நீதி செய்வதில்லை. ஆசிரியரை மதிப்பதும் அவரிடம் ஐயம் கேட்பதும் ஒன்றையொன்று விலக்குவனவா என்னும் அடிப்படை வினாவை அது தொடாமலே கடந்துவிடுகிறது.

தாய் சமூக வாழ்வில் இரண்டு கருத்துகள் இம்மௌனத்தோடு நெருங்கிய தொடர்புடையவை. ஒன்று 'கிரெங் ஜாய்': பிறருக்கு, சிறப்பாகத் தம்மினும் மூத்தவருக்கு, தம்மால் தொல்லையோ மனச்சங்கடமோ நேர்ந்துவிடக் கூடாதே என்று தயங்கி ஒதுங்கும் மனப்பாங்கு. மற்றொன்று 'புன் குன்': பெற்றோரும் ஆசிரியரும் செய்த நன்மை, பெற்றவர் வாழ்நாள் முழுவதும் நினைந்து போற்ற வேண்டிய கடனாக நிலைத்துவிடுகிறது என்னும் நம்பிக்கை. தாய் மக்களின் விழுமியங்களை விரிவாக ஆராய்ந்த உளவியல் அறிஞர் சுந்தரி கோமின், தன்மதிப்பு காயப்படாமல் காப்பதை முதலிடத்திலும் நன்றிக்கடன் சார்ந்த உறவை அதற்கு அடுத்த இடத்திலும் வைத்தார். இவ்விரண்டும் ஒருங்கே செயற்படும் வகுப்பறையில் ஒரு வினா எளிய வினாவாக நிற்பதில்லை. "எனக்குப் புரியவில்லை" என்று கேட்கும் மாணவர் தம் அறியாமையைத் தோழர் முன் வெளிப்படுத்துகிறார். அதே வேளையில் "நீங்கள் விளங்கச் சொல்லவில்லை" என்னும் குறிப்பும், அவர் விரும்பாமலே, அவ்வினாவோடு சேர்ந்து ஆசிரியரைச் சென்றடைகிறது. விடை ஆசிரியருக்கு உடனே தோன்றாவிட்டால் கடன்பட்டவரே கடன் கொடுத்தவரைத் தலைகுனியச் செய்ததாகிவிடும். ஆகவே பலர் முன்னிலையில் வாய் திறவாத மாணவர், வகுப்பு முடிந்தபின் தோழரிடமோ, ஆசிரியரைத் தனியே கண்டோ அதே ஐயத்தைக் கேட்கிறார். அறியும் ஆவல் அவரிடம் குறைந்துவிடவில்லை. அதை வெளியிடும் இடம்தான் மாறியிருக்கிறது.

இந்த மதிப்புணர்வு சடங்காக உருப்பெற்றிருப்பதை 'வை க்ரூ' என்னும் குருவணக்க விழாவில் காணலாம். கல்வியாண்டின் தொடக்கத்தில், பெரும்பாலும் ஜூன் மாத வியாழக்கிழமை ஒன்றில், இது பள்ளிதோறும் நடைபெறுகிறது. தேவகுருவாகிய பிரகஸ்பதிக்கு உரிய நாள் என்பதால் வியாழன் தேர்ந்தெடுக்கப்படுவதைத் தமிழ் வாசகர் எளிதில் உணர்வர். பாலி மொழியில் ஆசிரியர் துதி ஓதப்பட்டபின் மாணவர் மண்டியிட்டு மலர்த்தட்டுகளை ஆசிரியரிடம் அளிக்கின்றனர். மரபுப்படி அதில் இடம்பெறும் பொருள்கள் நான்கு. ஊசிபோல் கூர்ந்த மொட்டுடைய வெட்சி கூரிய அறிவையும், காம்பில் கவிழ்ந்து தொங்கும் கத்தரிப்பூ பணிவையும், மிதிபட்டாலும் படர்ந்து தழைக்கும் அறுகம்புல் விடாமுயற்சியையும், நெற்பொரி ஒழுக்கக் கட்டுப்பாட்டையும் குறிப்பதாக விளக்கம் கூறுவர். அழகும் ஆழமும் உடைய இச்சடங்கைப் பழிப்பதற்கு எதுவுமில்லை. கற்பித்தவரைக் கைகூப்பி வணங்கும் வழக்கத்தை இழந்த சமூகங்கள் அதனால் அறிவில் உயர்ந்துவிட்டதாகவும் சொல்ல முடியாது. ஆயினும் அந்நான்கில் ஒன்றுகூட வினவுதலுக்கு உரியதாக விளக்கப்படுவதில்லை என்பது கருதத்தக்கது. இத்தனைக்கும் அதே தாய் மரபு, கேட்டல், சிந்தித்தல், வினவுதல், எழுதுதல் என்னும் நான்கையும் 'சு, சி, பு, லி' என்னும் பாலி முதலெழுத்துகளால் தொகுத்து 'அறிஞரின் இதயம்' என்று பெயரிட்டுக் குழந்தைகளுக்குக் கற்பிக்கிறது. வாய்பாட்டில் மூன்றாம் இடம் பெற்ற வினவுதல் வகுப்பறைக்குள் எவ்வாறு இடம் இழந்தது என்பதே ஆராய வேண்டியது.

பாலி நூல்களில் இதற்கு விடை தேடுவோர் முதலில் செல்ல வேண்டிய இடம் மகாபரிநிப்பான சூத்திரம். குசிநாராவில் தம் இறுதிப் பொழுதில் இருந்த புத்தர், தம்மைப் பற்றியோ அறத்தைப் பற்றியோ சங்கத்தைப் பற்றியோ எவருக்கேனும் ஐயம் இருப்பின் இப்போதே கேட்குமாறும், கேட்காமல் விட்டுப் பின்னர் வருந்த வேண்டாம் என்றும் துறவியரை அழைக்கிறார். எவரும் பேசவில்லை. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அழைக்கிறார். அப்போதும் மௌனமே நிலவுகிறது. அம்மௌனத்தைத் தெளிவின் அடையாளமாக அவர் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. ஆசானிடம் கொண்ட மரியாதையால் கேட்கத் தயங்குகிறீர்கள் என்றால், ஒரு தோழர் மற்றொரு தோழரிடம் சொல்லட்டும் என்று மாற்று வழியும் காட்டுகிறார். அதற்குப் பின்னும் மௌனம் நீடித்தபோதுதான், அங்கிருந்தோர் எவருக்கும் ஐயமில்லை என்பது உறுதிப்படுகிறது. மரியாதையால் விளையும் மௌனமும் தெளிவால் விளையும் மௌனமும் புறத்தே ஒன்றுபோல் தோன்றும் என்பதை ஆசான் அறிந்திருக்கிறார். இரண்டையும் பிரித்தறியும் பொறுப்பையும் அவரே ஏற்கிறார். கூச்சமுடையவருக்குத் தோழர் வழியாக வாயில் திறந்து வைக்கிறார். "புரிந்தது" என்னும் ஒற்றைக் குரலைப் போதுமானதாகக் கொண்டு அடுத்த பாடத்துக்குச் செல்லும் ஆசிரியர் இம்மூன்றையும் செய்வதில்லை.

இப்பகுதி விதிவிலக்கானதும் அன்று. வினைப்பயனின் வேறுபாடுகளை விளக்கும் மஜ்ஜிம நிகாயச் சூத்திரம் ஒன்று, சான்றோரை அணுகி எது நன்று எது தீது என்று கேட்பவர் மறுபிறவியில் அறிவுடையவராகவும், கேளாதவர் அறிவு மழுங்கியவராகவும் பிறப்பர் என்கிறது. 'விசிகிச்சை' எனப்படும் ஐயம் தியானத்துக்குரிய ஐந்து தடைகளுள் ஒன்றாகக் கூறப்படுவதைக் காட்டி, ஐயுறுவதையே பௌத்தம் குறையாகக் கருதுகிறது என்று சிலர் வாதிடக்கூடும். ஆனால் அத்தடையை நீக்கும் வழிகளாக உரையாசிரியர்கள் அடுக்குவனவற்றுள் மீண்டும் மீண்டும் வினவித் தெளிதலும் ஒன்று. வினா நோயாக எண்ணப்படவில்லை, மருந்தாகவே வைக்கப்பட்டுள்ளது. "இவர் எங்கள் ஆசிரியர்" என்னும் ஒன்றையே காரணமாகக் கொண்டு ஒரு கூற்றை ஏற்க வேண்டாம் என்று காளாமர் என்னும் குலத்தாருக்குப் புத்தர் உரைத்த அறிவுரையோ தாய்லாந்தில் மிகவும் அறியப்பட்டது. சுவான் மோக் வனமடத்தை 1932-இல் நிறுவிய புத்ததாச பிக்கு அதை இடைவிடாது வலியுறுத்தியவர்.

துறவியர் ஒழுக்கநூலாகிய விநயம் இன்னும் நுட்பமானது. ஆசான் பேசிக்கொண்டிருக்கும்போது மாணவர் இடையில் குறுக்கிடலாகாது என்று விதிக்கும் அந்நூல், அதனை அடுத்தே, ஆசானின் பேச்சு விதிமீறலை நெருங்குமானால் அவரைத் தடுத்து நிறுத்த வேண்டியதும் மாணவர் கடமை என்கிறது. ஆசானிடம் பிழையான கொள்கை தோன்றினால் அதிலிருந்து அவரை விடுவிக்க முயல வேண்டும் என்பதும் மாணவருக்குரிய பணிவிடைகளுள் அடங்கும். ஆசானின் பாத்திரத்தைக் கழுவி வைத்தலும் அவர் கருத்தைத் திருத்துதலும் ஒரே பட்டியலில், ஒரே பக்தியின் இரு செயல்களாக நிற்கின்றன. நன்றிக்கடனை வாய்மூடியிருப்பதால் தீர்க்கலாம் என்னும் எண்ணத்துக்கு இங்கு இடமில்லை.

அவ்வாறாயின் பிரிவு எங்கே நேர்ந்தது? சென்ற நூற்றாண்டுவரை 'வாட்' எனப்படும் மடாலயமே தாய்லாந்தில் பள்ளியாக இருந்தது. சிறுவர் துறவியருக்கு ஏவல் செய்து, ஓதியும் எழுதியும் எழுத்தறிந்தனர். மனப்பாடமே அக்கல்வியின் பெரும்பகுதி என்பதை மறைக்க வேண்டியதில்லை. மன்னர் சூலாலங்கோர்ன் காலத்தில், 1884-இல், பொதுமக்களுக்கான பள்ளி பாங்காக்கின் மகண்ணபாராம் மடாலயத்தில் தொடங்கியது. 1898-இல் மாகாணங்களுக்குக் கல்வியைப் பரப்பும் பணி துறவியான இளவரசர் வஜிரஞானரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1921-இல் தொடக்கக்கல்வி சட்டப்படி கட்டாயமாயிற்று. இந்நெடிய மாற்றத்தில் ஆசிரியர், துறவியின் தகுதியால் வந்த வணக்கத்தை மரபுரிமையாகப் பெற்றதோடு, சீருடை அணிந்த அரசு அலுவலரின் அதிகாரத்தையும் பெற்றார். துறவியைக் கட்டுப்படுத்திய விநயம் மட்டும் அவரோடு வரவில்லை. மாணவர் கடமை நிலைத்தது, ஆசானைத் திருத்தும் வழி மறைந்தது.

'மிலிந்தன் வினாக்கள்' என்னும் பாலி நூல் இவ்வேறுபாட்டைத் துல்லியமாகப் பெயரிட்டு வைத்திருக்கிறது. யவன மன்னன் மிலிந்தன் வாதிட விரும்பியபோது, அறிஞர் வாதிடும் முறையில் வாதிட்டால் உடன்படுவதாகவும் அரசர் முறையில் என்றால் இயலாது என்றும் பௌத்தத் துறவி நாகசேனர் கூறுகிறார். அறிஞர் வாதத்தில் பிழை சுட்டப்பட்டாலும் எவரும் சினப்பதில்லை. அரசர் வாதத்தில் மறுத்துரைப்பவருக்குத் தண்டனை உண்டு. தாய் வகுப்பறை மரியாதையில் முன்னதாகத் தன்னை எண்ணிக்கொண்டு, நடைமுறையில் பின்னதாக இயங்குகிறது. 1999-ஆம் ஆண்டின் தேசியக் கல்விச் சட்டம் மாணவரை மையமாகக் கொண்ட கற்பித்தலை அறிவித்தும் இதில் பெரிய மாற்றம் நிகழவில்லை. 2014-இல் இராணுவ அரசு பள்ளிகளில் ஓதச் செய்த பன்னிரு விழுமியங்களில் ஆசிரியரிடம் நன்றியுணர்வும் மூத்தோரிடம் மரியாதையும் இருந்தன. அறிவைத் தேடுதலும் இருந்தது, கேட்கும் உரிமை இல்லை. 2020 ஆகஸ்டில் வெண்ணிற நாடா அணிந்து, காலைக் கொடியேற்றத்தின்போது மூன்று விரல் உயர்த்தி நின்ற பள்ளி மாணவர்கள், முடிவெட்டு விதி முதல் ஆட்சிமுறை வரை வினா எழுப்பினர். வகுப்பறையில் இடம் பெறாத வினா வேறிடம் தேடிக்கொண்டது என்றே இதைக் கொள்ள வேண்டும்.

ஆனால் மௌனமே கல்வித் தாழ்வுக்குக் காரணம் என்று விரைந்து தீர்ப்புரைப்பதும் தவறு. பன்னாட்டு பிசா தேர்வின் 2022-ஆம் ஆண்டு முடிவுகளில் கணிதத்தில் தாய்லாந்து 394 புள்ளிகள் பெற்றது. மூத்தோர் மரியாதையில் குறையாத வியட்நாம் 469 புள்ளிகளும் சிங்கப்பூர் 575 புள்ளிகளும் பெற்றன. எனவே வினாவுக்காக வாதிடுவோர் மதிப்பெண்ணைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. ஐயத்தை உள்ளே அடக்கிக்கொண்டு தலையசைக்கப் பழகும் பிள்ளை, தனக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளப் பழகுகிறது. பொய்யுரை தவிர்த்தலை ஐந்து சீலங்களுள் ஒன்றாகக் கொண்ட சமயத்துக்கு இது சிறு செய்தியன்று.

மேலைநாட்டு வகுப்பறைபோல் மாணவர் துணிந்து கையுயர்த்த வேண்டும் என்று அறிவுரை கூறுவது பொறுப்பை இளையவர் தோளில் ஏற்றுவதாகும். கடன்பட்டவரே தயக்கத்தை உடைக்கட்டும் என்பது நியாயமும் அன்று. தேரவாத மரபு இதற்கு நேர்மாறான ஒழுங்கைக் கொண்டிருக்கிறது. மழைக்காலத் தங்கல் முடியும் நாளில், தாய்லாந்தில் 'ஓக் பன்சா' என்று கொண்டாடப்படும் அந்நாளில், துறவியர் கூடி, தம்மிடம் கண்டோ கேட்டோ ஐயுற்றோ அறிந்த குறையை எடுத்துரைக்குமாறு ஒருவரையொருவர் வேண்டுகின்றனர். பவாரணை எனப்படும் அச்சடங்கில் இவ்வேண்டுகோளை முதலில் கூற வேண்டியவர் சபையின் மூத்த துறவி. இளையவர் அவருக்குப் பின்னரே கூறுகிறார். வகுப்பறையிலும் முதலில் பேச வேண்டியவர் ஆசிரியரே.