நெஞ்சு சொல்வதைக் கேட்பவர் யார்?

மாலை நேரங்களில் இரும்பை ஏரிக்கரையில் நடப்பது எனக்கு நெடுநாளைய வழக்கம். ஓராண்டுக்கு முன் என் மகள் ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தந்தாள். நேரம் காட்டுவது அதன் சிறிய வேலை. அணிந்தவரின் இதயம் நிமிடத்திற்கு எத்தனை முறை துடிக்கிறது என்று இரவும் பகலும் எண்ணிக்கொண்டிருப்பதே அதன் பெரிய வேலை. நடக்கும்போதும் படியேறும்போதும் திருப்பலியில் முழந்தாளிடும்போதும், ஏன், உறங்கும்போதும் அது எண்ணுகிறது. முதல் வாரம் வியப்பாக இருந்தது. இரண்டாம் வாரம் அடிக்கடி மணிக்கட்டைப் பார்க்கலானேன். ஒரு திங்களுக்குள், செபமாலை சொல்லும்போதே இடையில் நிறுத்தி அந்த எண்ணைத் தேடும் நிலைக்கு வந்துவிட்டேன். இதயம் நலமாகத்தான் இருந்தது; அதைப் பற்றிய கவலைதான் புதிதாகக் குடியேறியது. இதயத் துடிப்பை எண்ணுவதற்கும் இதயத்தை அறிவதற்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி அப்போதுதான் எனக்குள் எழுந்தது.

துடிப்பை எண்ணும் ஆவல் புதிதன்று. நம் சித்த மருத்துவர்கள் மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்து வாதம், பித்தம், கபம் என்று நாடி பார்த்தார்கள். நாடியை எண்ணுவதற்கென்றே அமைந்த கடிகாரத்தைப் பற்றி ஆங்கில மருத்துவர் ஜான் ஃபுளோயர் 1707-இல் நூல் வெளியிட்டார். இதயத்தின் மின்னோட்டத்தை வரைந்து காட்டும் கருவிக்காக நெதர்லாந்து அறிஞர் வில்லெம் ஐந்தோவன் 1924-இல் நோபல் பரிசு பெற்றார். 1980-களின் தொடக்கத்தில் பின்லாந்தின் போலார் நிறுவனம், மார்பில் கட்டிய பட்டையிலிருந்து கம்பியின்றி மணிக்கட்டுக்குத் துடிப்பை அறிவிக்கும் கருவியை விளையாட்டு வீரர்களுக்கென விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய கடிகாரத்திற்கு அந்தப் பட்டையும் வேண்டியதில்லை. அதன் அடிப்புறத்திலிருந்து பச்சை ஒளி தோலின்மீது பாய்கிறது. இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலடியில் இரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தையே கருவி துடிப்பாகக் கணக்கிடுகிறது.

இதனால் நன்மை இல்லை என்று சொல்வது நன்றிகெட்ட செயலாகும். ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் ஆப்பிள் கடிகாரம் அணிந்த 4 இலட்சத்திற்கும் மேற்பட்டோரிடம் ஆய்வு நடத்தி 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். துடிப்பு ஒழுங்கற்றிருக்கிறது என்ற எச்சரிக்கை ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு வந்தது. அவ்வாறு எச்சரிக்கப்பட்டு, மார்பில் ஒட்டும் கருவியால் மேலும் சோதிக்கப்பட்டவர்களுள் மூவரில் ஒருவருக்கு இதய மேலறைத் துடிப்புக் கோளாறு தெரியவந்தது. பக்கவாதத்திற்கு வழிகோலும் ஒரு நோயை முன்னரே அறிவது சிறிய உதவியன்று. உடலும் இறைவன் தந்த கொடை. அதைப் பேணுவது நம் கடமை. ஆயினும், எண்ணத் தெரிந்ததாலேயே இதயத்தை அறிந்துவிட்டதாக எண்ணுவோமானால், அங்கே நாம் தவறுகிறோம்.

இதை எனக்கு நினைவூட்டியது இரும்பையிலேயே வழங்கும் ஒரு கதை. திருஞானசம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில் இவ்வூரில் உள்ளது. கடுவெளிச் சித்தர் இங்கே தவமிருந்தார் என்பார்கள். திருவிழா ஒன்றில் நடனமாடிய பெண்ணின் காற்சிலம்பு கழன்று விழ, அவள் ஆட்டத்தில் ஆடவல்லானையே கண்டிருந்த சித்தர் அதை எடுத்து அவள் காலில் அணிவித்தாராம். கூடியிருந்தோர் எள்ளி நகைத்தனர். சித்தர் சினந்து முறையிட, கருவறையில் சிவலிங்கம் வெடித்துச் சிதறியது என்று கதை முடிகிறது. அது நம் சமய மரபைச் சேர்ந்ததன்று. எனினும் அதிலுள்ள உண்மை நமக்கு அந்நியமானதன்று. ஊரார் பார்த்தது கை செய்த செயலை. பார்க்காதது நெஞ்சில் இருந்த நோக்கத்தை. ஈசாயின் வீட்டில் மூத்த மகனின் தோற்றத்தைக் கண்டு மயங்கிய சாமுவேலுக்கும் ஆண்டவர் இதையே அல்லவா கற்றுத் தந்தார்? மனிதர் முகத்தைப் பார்க்க, இறைவனோ அகத்தைப் பார்க்கிறார் என்பது அன்று அவர் பெற்ற பாடம்.

துடிப்பு நிமிடத்திற்கு 110 என்று கடிகாரம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது அச்சமா, மகிழ்ச்சியா, காய்ச்சலா, கோபமா, செபத்தின் உருக்கமா? எண் ஒன்றே, பொருள் பல. பொருளை அறிய வேண்டுமானால் அந்த மனிதரையே கேட்க வேண்டும். இந்த எளிய உண்மையை ஒரு கோடைக் காலையில் மரக்காணத்தில் கற்றுக்கொண்டேன்.

இரும்பையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து வடக்கே சென்றால் மரக்காணம் உப்பளங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் விரிகின்றன. உறவினர் ஒருவரைக் காணச் சென்ற நான், பாத்திகளின் நடுவே வரப்பில் சிறிது தூரம் நடந்தேன். வெண்மையில் பட்டுத் தெறித்த வெயில் கண்ணைக் கூசச் செய்தது. வெறுங்கையோடு நடந்த எனக்கே கடிகாரம் 120 என்று காட்ட, நான் நின்றுவிட்டேன். தலைச்சுமையாக உப்பைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டுத் திரும்பிய ஒரு பெண்மணி என்னைக் கண்டு, "அது இன்னா சொல்லுது ஐயா?" என்றார். இதயம் வேகமாக அடிக்கிறது, சற்று உட்காரச் சொல்கிறது என்றேன். அவர் சிரித்தார். "நெஞ்சு படபடன்னு அடிக்கிறது எங்களுக்கே தெரியுது ஐயா. கடியாரம் வந்து சொல்லணுமா? தெரிஞ்சு இன்னா பண்றது? ஒக்காந்தா கூலி யாரு குடுப்பா?" என்று சொல்லிவிட்டு மீண்டும் பாத்திக்குள் இறங்கினார்.

அவர் சொன்னது மருத்துவ உண்மையும்கூட. வெப்பத்தில் உழைக்கும்போது உடலைக் குளிர்விக்க இதயம் தோலை நோக்கி மிகுதியான இரத்தத்தை அனுப்ப வேண்டியிருக்கிறது. வியர்வையால் உடலின் நீர் குறையக் குறைய இரத்தத்தின் அளவும் குறைகிறது. ஆகவே, அதே வேலைக்கு இதயம் மேலும் மேலும் விரைந்து துடிக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், தமிழகத்தில் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களின் இதயத் துடிப்பையும் உடல் வெப்பத்தையும் வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து, சிறுநீரகங்களின் நிலையையும் சோதித்து, 2023-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெப்பமும் நீரிழப்பும் இவர்களது சிறுநீரகங்களைப் பாதிக்கின்றன என்பதே அவ்வாய்வு விடுத்த எச்சரிக்கை. வேலையிடத்தில் கழிப்பறை இல்லாத பெண்கள் தாகத்தோடு இருந்துகொண்டே தண்ணீர் குடிப்பதைத் தவிர்ப்பது இக்கேட்டை இன்னும் பெருக்குகிறது. அகமதாபாத்தின் வன்சாரா வாஸ் என்னும் குடிசைப் பகுதியில் 200-க்கும் மேற்பட்டோர் இத்தகைய கடிகாரங்களை அணிந்து, வெப்பம் தங்கள் இதயத்தையும் உறக்கத்தையும் எவ்வாறு வாட்டுகிறது என்பதை ஆய்வாளர்கள் அறிய உதவியிருக்கிறார்கள். ஏழையின் இதயமும் எண்ணப்படத் தொடங்கியிருக்கிறது என்பது நல்ல செய்தி.

ஆனால் அந்தப் பெண்மணியின் கேள்வி அப்படியே நிற்கிறது: தெரிந்து என்ன செய்வது? எனக்கு எண்ணும் கிடைத்தது, உட்கார உரிமையும் இருந்தது. அவருக்கு எண் தேவைப்படவே இல்லை; உட்காரும் உரிமைதான் தேவைப்பட்டது. அறிவு இல்லாத குறையன்று அது, நீதி இல்லாத குறை. நாளை அவர் கையிலும் ஒரு கடிகாரத்தைக் கட்டிவிடலாம். அதன் கணக்கு அவர் மேல் அன்புள்ளவரிடம் போய்ச் சேர்ந்தால் நிழலாகவும் குடிநீராகவும் மாறும். இலாபம் ஒன்றையே கருதுபவரிடம் போய்ச் சேர்ந்தால், "உன் துடிப்பு 80-தானே, இன்னும் சுமக்கலாமே" என்னும் சாட்டையாக மாறும். எனவே, கருவி நல்லதா தீயதா என்பதைவிட, அது சொல்வதைக் கேட்பவர் யார் என்பதே அறத்தின் கேள்வி.

ஓய்வுநாள் கட்டளையை இந்த நோக்கில் மீண்டும் படித்துப் பார்க்கலாம். வேலைக்காரரும் வேலைக்காரியும் மாடும் கழுதையும் இளைப்பாற வேண்டும் என்கிற அந்தக் கட்டளை, முதலில் வீட்டுத் தலைவருக்கே தரப்பட்டது. ஓய்வு கொடுக்கும் ஆற்றல் யாரிடம் இருக்கிறதோ அவரிடமே இறைவன் அதைக் கேட்கிறார். 1891-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றிய தம் சுற்றுமடலில், வேலை நேரமும் ஓய்வும் வேலையின் தன்மையையும் ஆண்டின் பருவத்தையும் தொழிலாளரின் உடல்நலத்தையும் பொறுத்தே அமைய வேண்டும் என்று கற்பித்தார். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024-இல் அறிவித்தது. திருச்சபை கற்பிக்கிறது, அரசும் அறிவிக்கிறது. இடையில் செய்ய வேண்டியது நம் பங்கு. உப்பளத்தின் அருகே வாழும் ஒரு பங்குச் சமூகம், பாத்தியோரத்தில் நிழற்கூரையும் குடிநீரும் பெண்களுக்குக் கழிப்பறையும் உண்டா என்று பார்த்து, இல்லையேல் கேட்டுப் பெறுவது இயலாத காரியமா? நம் சோற்றில் நாள்தோறும் விழும் உப்பு அந்த இதயங்களின் உழைப்பல்லவா?

அப்படியானால் என் கடிகாரத்தைக் கழற்றி எறிந்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை என்றே கருதுகிறேன். எண்ணுவது புனிதர்களுக்கும் அந்நியமானதன்று. 1548-இல் அச்சேறிய தம் ஆன்மப் பயிற்சிகளில் புனித இஞ்ஞாசியார், நாள்தோறும் தன் குறைகளை ஒரு கோட்டின்மீது புள்ளிகளாகக் குறித்து, நேற்றையும் இன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார். அவரும் எண்ணினார். ஆனால் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதற்காக அன்று. தன்னைவிட்டு இறைவனிடமும் பிறரிடமும் திரும்புவதற்காக. அந்த அளவுகோலைத்தான் நான் இப்போது என் கடிகாரத்திற்கும் வைக்கிறேன். அது காட்டும் எண் என்னை என்னிடமே கட்டிப்போடுமானால் அது எனக்குத் தீங்கு. பிறர் நெஞ்சின் படபடப்பை நினைக்கச் செய்யுமானால் அது எனக்கு வரம்.

நம் இல்லங்களில் திருஇருதய ஆண்டவரின் படத்திற்கு முன் விளக்கேற்றுகிறோம். புதுவையில் 1907-இல் கட்டிமுடிக்கப்பட்ட இருதய ஆண்டவர் ஆலயத்திற்குத் தலைவெள்ளி தோறும் செல்கிறோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2024 அக்டோபர் 24 அன்று வெளியிட்ட தம் சுற்றுமடலையும் அந்தத் திருஇருதயத்திற்கே உரியதாக்கினார். செயற்கை நுண்ணறிவின் காலத்தில் மனிதத்தைக் காக்கக் கவிதையும் அன்பும் வேண்டும் என்று அதில் நினைவூட்டினார். அந்தப் படத்தை இன்று மீண்டும் உற்றுப் பாருங்கள். ஆண்டவர் தம் இதயத்தைத் தமக்குள் மறைத்து வைத்துக் காக்கவில்லை. முள்முடி சூழ்ந்த அந்த இதயத்தை வெளியே காட்டி, உழைத்துக் களைத்தவர்களைத் தம்மிடம் வரச் சொல்கிறார், இளைப்பாறுதல் தருவேன் என்கிறார்.

ஒரு நாளில் நம் இதயம் ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடிக்கிறது. அவை அனைத்தையும் படைத்தவர் அறிவார். நம் தலைமுடியைக்கூட எண்ணி வைத்திருப்பவர் அவர். இன்றிரவு கடிகாரத்தைக் கழற்றி வைக்கும் முன் நாம் நம்மையே கேட்டுக்கொள்ளலாம்: இன்றைய துடிப்புகளில் எத்தனை, எனக்காக அன்றி வேறொருவருக்காகத் துடித்தன? அதற்கான விடை கடிகாரத்தில் இல்லை. மரக்காணத்தில் பாத்திக்குள் இறங்கிய அந்தச் சகோதரிக்கு நாளை ஒரு நிழல் கிடைத்தால், அதில் ஒரு பங்கு விடை இருக்கும்.