நிதி நின்றால் கடமையும் நிற்குமா?

பிறருக்கு உதவும்படி நம்மிடம் ஒருவர் பொருள் தந்து வந்தார். ஒரு நாள் அதை நிறுத்திவிட்டார். அத்துடன் நமது கடமை முடிந்துவிடுமா? இக்கேள்வி தனி மனிதருக்கு மட்டும் உரியதன்று, நிறுவனங்களுக்கும் உரியது.

2025 செப்டம்பரில், சிறுபான்மை மாணவர்கள் மிகுந்த கல்லூரிகளுக்கு வழங்கி வந்த நிதியில் சுமார் 35 கோடி டாலரை நிறுத்துவதாக அமெரிக்கக் கல்வித் துறை அறிவித்தது. எடுத்துக்காட்டாக, இளநிலை மாணவர்களில் குறைந்தது 25 விழுக்காட்டினர் லத்தீன் அமெரிக்க வழிவந்தோராக இருக்கும் கல்லூரி, இத்திட்டங்களுள் ஒன்றின்கீழ் நிதி கோர முடிந்தது. இன விகிதத்தைத் தகுதியாக வைப்பது அரசியல் சட்டத்தின் சமத்துவக் கோட்பாட்டிற்கு முரணானது என்பது அரசு கூறிய காரணம்.

இனம் பார்த்து ஒருவரை விலக்குவது தவறென்றால், இனம் பார்த்து உதவுவது மட்டும் எப்படிச் சரியாகும் என்ற வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் அந்த நிதி தனி மாணவரின் கையில் தரப்பட்டதன்று, கல்லூரிக்குத் தரப்பட்டது. அதனால் உருவான பயிற்சி வகுப்பும், ஆலோசனை மையமும், ஆய்வுக்கூடமும் அங்குப் பயின்ற பிற மாணவர்களுக்கும் பயன்பட்டன.

சட்டத்தின் வழக்கு எவ்வாறு முடிந்தாலும், அறத்தின் கேள்வி அப்படியே நிற்கிறது. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். எந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது, உதவித்தொகைக்கு எவ்வாறு விண்ணப்பிப்பது, ஒரு தேர்வில் தவறினால் என்ன செய்வது என்று எடுத்துச் சொல்ல அவன் வீட்டில் எவருமில்லை. நிதி நின்ற நாளில் அவனது தேவை நின்றுவிடுவதில்லை.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள பெரியா கல்லூரியின் வரலாறு இங்கு நினைவுகூரத்தக்கது. அடிமை முறையை எதிர்த்த ஜான் ஃபீ என்பவர் 1855-இல் தொடங்கிய அக்கல்வி நிலையத்தில், உள்நாட்டுப் போருக்குப் பின் கறுப்பின மாணவர்களும் வெள்ளையின மாணவர்களும் ஒன்றாகப் படித்தனர். 1904-இல் மாநில அரசு அதைத் தடை செய்து சட்டம் இயற்றியது. கல்லூரி வழக்குத் தொடுத்தது. 1908-இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. அங்குப் பறிக்கப்பட்டது நிதியன்று. சேர்ந்து கற்பிக்கும் உரிமையே பறிக்கப்பட்டது. எனினும் கல்லூரி நன்கொடை திரட்டி, கறுப்பின மாணவர்களுக்காக லிங்கன் இன்ஸ்டிடியூட் என்னும் பள்ளியை நிறுவ உதவியது. அப்பள்ளி 1912-இல் திறக்கப்பட்டது. 1950-இல் சட்டம் திருத்தப்பட்டதும், பெரியா மீண்டும் கறுப்பின மாணவர்களுக்குத் தன் கதவுகளைத் திறந்தது.

லிங்கன் பள்ளி பெரியாவுக்கு ஈடாகாது. பிரித்து வைத்துத் தரும் கல்வி, சேர்ந்து பெறும் கல்விக்கு நிகராகாது. ஆனால் முழுமையாகச் செய்ய முடியாததைக் காரணம் காட்டி, முடிந்ததையும் கைவிட அவர்கள் சம்மதிக்கவில்லை.

நிதி இழந்த கல்லூரிகளுக்கும் இது வழிகாட்டும். எல்லாத் திட்டங்களையும் காப்பாற்றுவது இயலாமற்போகலாம். ஊதியமின்றி ஆசிரியர்களை எக்காலமும் உழைக்கச் சொல்வதும் நியாயமன்று. எனவே, எது நின்றுபோனால் மாணவன் படிப்பையே விட்டுவிடுவானோ, அதை முதலில் காக்க வேண்டும். விழாக்களைச் சுருக்கலாம்; ஆலோசகரின் அறைக்கதவை மூடலாகாது. முன்னாள் மாணவர்களிடம் கையேந்துவதில் இழிவில்லை. மேல்வகுப்பு மாணவன் கீழ்வகுப்பு மாணவனுக்குக் கற்பிக்கப் பெருஞ்செலவும் ஆகாது.

பிறர் பொருளில் செய்யும் தொண்டில் ஒரு மயக்கம் உண்டு. அது நாம் ஏற்ற கடமையா, நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட வேலையா என்பது பொருள் வந்துகொண்டிருக்கும்வரை தெரிவதில்லை. வேலையென்றால் கூலி நின்றதும் நின்றுவிடும். கடமையென்றால், வழி அடைபடும்போது வேறு வழி தேடும். எஞ்சியிருக்கும் சிறு பொருளைக் கொண்டு யாரை முதலில் தாங்கிப் பிடிக்கிறோம் என்பதே நமது தொண்டின் உண்மையான அளவுகோல்.