பாரசீகக் கவிதையில் குர்ஆன்

பாரசீகச் செவ்வியல் கவிஞர்கள் குர்ஆனை மேற்கோளுக்காக மட்டும் நாடவில்லை. அவர்களின் கற்பனையே அதில் வேரூன்றியது. மண்ணில் பிறக்கும் முன்பே ஆதமின் சந்ததியினரிடம் இறைவன் உறுதிமொழி பெற்றதை ஏழாம் அத்தியாயத்தின் 172ஆம் வசனம் சொல்கிறது. சூஃபிக் கவிஞர்களுக்கு அதுவே காதல் பிறந்த நாள். வானமும் பூமியும் மலைகளும் ஏற்க அஞ்சிய அமானிதத்தை, அதாவது இறைவன் ஒப்படைத்த பொறுப்பை, மனிதன் சுமந்ததாகக் குர்ஆன் சொல்லும் செய்தி, 14ஆம் நூற்றாண்டு ஷீராஸில் ஹாஃபிஸின் கஸலில் காதலின் பாரமாக ஒலித்தது.

குர்ஆனுடனான இந்த உறவு மிக விரிவாக மலர்ந்தது இறைத்தூதர் யூசுஃபின் கதையில். 111 வசனங்கள் கொண்ட பன்னிரண்டாம் அத்தியாயத்தில் யூசுஃபை விரும்பிய, எகிப்திய அதிகாரி அஸீஸின் மனைவிக்குப் பெயரே இல்லை. யூசுஃபின் அழகில் மயங்கிய பெண்கள் கத்தியால் தம் கைகளையே அறுத்துக்கொள்ளும் காட்சி அங்கே ஒரே வசனத்தில் முடிந்துவிடுகிறது. ஹெராத்தில் வாழ்ந்த ஜாமி, 1483இல் எழுதிய காவியத்தில் அஸீஸின் மனைவியை, மரபு தந்த ஜுலைகா என்ற பெயரோடு நாயகியாக்கினார். அவள் கனவில் காதலிக்கிறாள், முதுமையடைந்து பார்வை இழக்கிறாள், தான் வணங்கிய சிலையை உடைத்து இறைவனிடம் திரும்புகிறாள், இளமை மீள்கிறது. வேதத்தில் தவறிழைத்தவள் காவியத்தில் இறைதேடலின் உருவமாகிறாள். கவிஞரின் துணிவு இதுதான். ஜாமியை வாசிக்கப் புகுவோர் முதலில் அந்த அத்தியாயத்தை வாசித்துவிடுவது நல்லது.