கோடாலியை இரவல் தரலாமா?

ஸ்டில் நிறுவனத்தின் எம்.எஸ். 880 என்ற செயின் சாவின் எஞ்சின் 121.6 சிசி. நம் சாலைகளில் கண்ட இடமெல்லாம் ஓடும் ஸ்ப்ளெண்டர் பைக்குக்கு 97.2 சிசிதான். இரண்டு பேரையும் ஒரு மூட்டையையும் இழுத்துப்போகும் வண்டியைவிடப் பெரிய எஞ்சின் இது. செயினைத் தாங்கும் பாரும் செயினும் மாட்டும் முன்பே ஏறக்குறைய 10 கிலோ. இதை ஒருவர் இரண்டு கைகளில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நிற்கிறார். ஒரு படி கீழே 91.1 சிசியில் எம்.எஸ். 661, எடை 7.4 கிலோ. 2019-இல் வந்த எம்.எஸ். 500i, கார்புரேட்டரை விட்டுவிட்டு எலக்ட்ரானிக் முறையில் எரிபொருளைச் செலுத்துவதால், 79.2 சிசியிலேயே 5 கிலோவாட் தருகிறது, 6.2 கிலோ எடையில். கனமான வேலைக்கு எதை வாங்கலாம் என்று கேட்டால் தொழில் தெரிந்தவர் இந்த எண்களைத்தான் எடுத்து வைப்பார். ஆனால் விஷயம் எண்களோடு முடிவதில்லை. மரத்தை வெட்டலாமா என்பது பற்றி மதங்கள் நிறையவே பேசியிருக்கின்றன. வெட்டும் கருவியைத் தேர்வதிலேயே பாவம் புண்ணியம் உண்டா என்று கேட்டவர்கள் குறைவு. சமணர்கள் கேட்டார்கள். அவர்கள் கண்ட பதில் இன்றைய மெஷின் கடைக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்: வேலைக்கு வேண்டியதற்கு மேலான வலுவைக் கையில் வைத்திருப்பதே ஒரு தீங்கு, அதை ஓட்டினாலும் சரி, ஓட்டாவிட்டாலும் சரி.

சமணத் துறவிக்கு விதி எளிது. எந்த உயிருக்கும் ஊறு கூடாது, மரமும் உயிர்தான். சிக்கலெல்லாம் இல்லறத்தாருக்கு. அவர்கள் உழ வேண்டும், உலை வைக்க வேண்டும், கூரை போட வேண்டும். ஆகவே இல்லறத்தாருக்கான சிராவக ஒழுக்கம் தீங்கை இரண்டாகப் பிரித்தது. வாழ்க்கைத் தேவையில் தவிர்க்க முடியாமல் நேர்வது ஒன்று. பயனே இல்லாமல் நேர்வது இன்னொன்று. பின்னதற்கு அனர்த்த தண்டம் என்று பெயர். காஞ்சியோடு மரபு சேர்த்துச் சொல்லும் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதை ஐந்து வகையாக்குகிறார்; அந்த நூலைத் தழுவித் தமிழில் குறள் வெண்பாவாக எழுந்தது அருங்கலச்செப்பு. ஐந்தில் ஒன்று ஹிம்சாதானம், கொலைக்கு ஏதுவான பொருள்களைப் பிறருக்குக் கொடுப்பது. அந்தப் பட்டியலில் கோடாலிக்கு முதலிடம். வாள், மண்வெட்டி, நெருப்பு எல்லாம் பின்னால் வருகின்றன; சங்கிலியும் வருகிறது. (அவர் நினைத்தது கட்டிப்போடும் சங்கிலியை. இருந்தாலும் கோடாலியும் சங்கிலியும் ஒரே செய்யுளில் சந்திப்பதைப் பார்த்துவிட்டு இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.) சுவேதாம்பர மரபில் இன்னும் நுட்பமான ஒரு விதி உண்டு, 12-ஆம் நூற்றாண்டின் ஹேமசந்திரரும் அதைச் சொல்கிறார். உலக்கையை உரலோடும், கொழுவைக் கலப்பையோடும், அம்பை வில்லோடும் சேர்த்தே வைத்திருப்பது குற்றம். ஏன்? தயாராக இருக்கும் கருவி கையை அழைக்கும். உரலும் உலக்கையும் வேறு வேறு இடத்தில் இருந்தால், அவற்றைத் தேடி எடுத்து வரும் நேரத்துக்குள் இப்போது இடிக்கத்தான் வேண்டுமா என்ற யோசனை வந்துவிடலாம்.

கருவி என்ன செய்யும், பிடித்த கைதான் எல்லாம் என்று உடனே ஒரு மறுப்பு வரும். காய் நறுக்கும் கத்தியைப் பொறுத்தவரை இது சரி. பெரிய செயின் சா விஷயத்தில் பாதிதான் சரி, ஏனென்றால் அது கையின் வேகத்தை மட்டுமின்றி மனத்தின் வேகத்தையும் மாற்றிவிடுகிறது. 6-ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில், சிலை செய்ய மரம் எடுக்கக் காட்டுக்குப் போவதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. முதல் நாள் மரத்துக்குப் பூசை செய்து, அதில் குடியிருப்பவை வேறிடம் போகட்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டும். மறுநாள் காலையில்தான், தேனும் நெய்யும் தடவிய கோடாலியால் வெட்ட வேண்டும். குடியிருப்பவை பேயோ பூதமோ, நம்பாதவர் விட்டுவிடலாம். முடிவுக்கும் முதல் வெட்டுக்கும் நடுவே ஓர் இரவு இருக்கிறதே, அதைக் கவனிக்க வேண்டும். அப்புறம் கோடாலிக்கென்றே ஒரு தாமதமும் உண்டு. நெஞ்சளவு விட்டமுள்ள மரத்தைக் கோடாலியால் சாய்ப்பவர் நூறு முறை ஓங்க வேண்டும், ஒவ்வொரு ஓங்கலுக்கு நடுவிலும் நிறுத்த இடம் இருக்கிறது. செயின் நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடுகிற மெஷினில் அந்த இடமெல்லாம் சில நிமிடங்களுக்குள் சுருங்கிவிடுகிறது. யோசனையை வெட்டும் நேரத்துக்குத் தள்ளிப்போட இனி வழியில்லை. முன்னாலேயே நடந்திருக்க வேண்டும். கடையில் 36 அங்குல பாரைக் கேட்டு வாங்குகிறவர் உலோகத்தை மட்டும் வாங்கவில்லை. இரு பக்கமும் மாறி மாறி அறுத்தால் அந்த நீளத்தின் இரண்டு மடங்குக்குக் கிட்டத்தட்ட விட்டமுள்ள மரத்தைச் சாய்த்துவிடலாம்; அந்தப் பருமனுக்கு வளரப் பெரும்பாலான மரங்களுக்கு ஒரு மனித ஆயுள் போதாது.

இனி வலுவான மறுப்புக்கு வருவோம், இது தொழிலாளியின் பக்கத்திலிருந்து வருவது. சிறிய மெஷின் என்றால் குறைந்த தீங்கு என்று நினைப்பது உட்கார்ந்த இடத்திலிருந்து பேசும் அகிம்சை. ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் தடித்த மரத்தின் பின்வெட்டை 50 சிசி மெஷினால் மெல்ல மெல்ல அறுத்துப் பாருங்கள். வெட்டு முடியும் முன்பே மரம் சாயத் தொடங்கி, அடிமரம் நெடுக்காகப் பிளந்து, பிளந்த பாதி வெட்டுகிறவரின் முகத்துக்கு நேராக மேலே எகிறும். அப்படிச் செத்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. பாரம் தாங்காத எஞ்சின் அடிக்கடி திணறி நின்றால், பாதி அறுந்த மரம் காற்றில் ஆடிக்கொண்டு நிற்கும். ஒரு மணி நேர வேலை மூன்று மணி நேரமானால் மூன்று மணி நேரமும் அதிர்வு கைக்குள் இறங்கும். விரல்களின் ரத்தக் குழாய்கள் கெட்டு, குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போகும் நோய், அதிர்வைத் தாங்கும் கைப்பிடிகள் வருவதற்கு முன் மரவெட்டிகளின் தொழில் நோயாகவே இருந்தது. இதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொள்வதால் என் வாதம் உடைவதில்லை, அளவுகோல் தெளிவாகிறது, அவ்வளவுதான். அனர்த்தம் என்ற சொல்லில் கேட்கப்படுவது ‘சிறியதா பெரியதா’ அல்ல, ‘எதற்காக’. வெட்டுகிறவரின் உடம்பும், பக்கத்தில் கயிறு பிடித்து நிற்பவரின் உயிரும் அந்த ‘எதற்காக’வுக்குள் அடங்கும். யூத வேதத்தின் உபாகமம் 19-ஆம் அதிகாரம் இதே காட்டுக்குத்தான் நம்மை அழைத்துப்போகிறது: இருவர் மரம் வெட்டப் போகிறார்கள், கோடாலியின் இரும்பு காம்பிலிருந்து கழன்று பறந்து மற்றவரைக் கொல்கிறது, வெட்டியவர் அடைக்கல நகரத்துக்கு ஓடிப் பிழைக்கலாம். ஏறக்குறைய கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவில் ரபிகள் இதைப் பிரித்துப் பார்க்கிறார்கள். காம்பிலிருந்து இரும்பு கழன்றால் ஒரு தீர்ப்பு, வெட்டுப்பட்ட மரத்திலிருந்து சிராய் தெறித்தால் வேறு தீர்ப்பு; எதற்கு எது என்பதில் ரபிகளின் தலைவருக்கும் மற்ற ரபிகளுக்கும் கருத்து வேறுபாடு. கை மட்டும்தான் பொறுப்பு என்றால் இந்தச் சர்ச்சையே எழுந்திருக்காது. சாவு கருவியின் எந்த மூட்டில் தொடங்கியது என்று அவர்கள் கேட்டார்கள்.

அளவு என்பது ஒழுக்கம் பேசுகிறவர்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து மெஷின்மேல் ஒட்டுகிற சரக்கு என்று நினைப்பவர், செயினை ஒரு முறை விரலில் தூக்கி வெயிலில் பார்க்கட்டும். ஒவ்வொரு அறுக்கும் பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு இருக்கும். அதற்குக் கூர் கிடையாது, அது எதையும் அறுக்காது. 3/8 பிட்ச் செயினில் பல்லைவிட வழக்கமாக 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும். பல் ஒரு தடவைக்கு எவ்வளவு மரத்தைக் கடிக்கலாம் என்று தீர்மானிப்பது அந்த மழுங்கல் மேடுதான். அவசரக்காரர் அரத்தை வைத்து அதை இன்னும் தேய்த்துவிட்டால் பல் பெரிதாகக் கடிக்கும். மெஷின் குலுங்கும், இழுக்கும், பாரின் நுனி பட்டால் எகிறி ஆள்மீது வரும். வெட்டும் வேகமும் நினைத்தபடி கூடாது. இந்தப் பல்லின் வடிவமே ஒரு புழுவிடம் கற்றது. 1946-இல் அமெரிக்காவின் ஓரிகனில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, ஒரு வண்டின் புழு கட்டையை இடமும் வலமுமாகக் குடைவதைப் பார்த்து, அதன் தாடையைப்போலப் பல் செய்து, அடுத்த ஆண்டு செயின் கம்பெனி தொடங்கினார். தாடையைப் புழுவிடம் எடுத்துக்கொண்டோம். பசி தீர்ந்ததும் நிறுத்துவதை அது கற்றுத் தந்ததாகத் தெரியவில்லை.

சமணர் ஒருவர் இங்கே குறுக்கிட்டு, வனத்தொழிலே இல்லறத்தாருக்கு விலக்கிய பதினைந்து தொழில்களில் ஒன்று, இதில் பெரிய மெஷின் சின்ன மெஷின் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் தேக்குக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு பாவத்தை மரவெட்டியின் கணக்கில் எழுதுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. அந்த மரபின் தொழில் பட்டியலை விட்டுவிட்டு ‘பயனில்லாத் தீங்கு’ என்ற பிரிவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எடுத்துக்கொண்டாலும் ஒரு முடிச்சு மிச்சம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளைப் படுக்கவைத்தது. அந்த நாட்களில் தெருவை அடைத்துக் கிடக்கும் தூங்குமூஞ்சி மரத்தை அறுக்கப் பெரிய மெஷின் வேண்டும், அது பயனுள்ள வேலைதான். அப்படியொரு நாளுக்காக வீட்டுக்கு வீடு 90 சிசி வைத்துக்கொள்ள முடியுமா? அதுதான் உலக்கையும் உரலும். தினமும் பார்க்கும் மரங்களுக்கு ஏற்ற மெஷினை வாங்கிக்கொண்டு, எப்போதோ வரும் பெரிய மரத்துக்கு வாடகைக்கு எடுப்பதுதான் புத்தி. ஆனால் சமந்தபத்திரர் கணக்கில் கோடாலியைக் கொடுப்பதுதானே பாவம்? வைத்திருப்பதைவிட இரவல் தருவது மோசம் என்றல்லவா ஆகிறது? வெறும் மெஷினைத் தூக்கிக் கொடுத்தால் ஆம், அவர் சொன்னது சரி. மரத்தைப் பார்க்கத் தெரியாத கைக்கு எம்.எஸ். 661-ஐக் கொடுப்பவர் அதில் நடக்கும் எல்லாவற்றிலும் பங்காளி. நம் ஊர்களில் பெரிய மெஷின் பெரும்பாலும் தனியாக வருவதில்லை, ஓட்டுகிறவரோடு வருகிறது. வாடகை இரண்டுக்கும் சேர்த்து. அவர் வந்ததும் மெஷினைக் கிளப்பும் கயிற்றை இழுப்பதில்லை. மெஷினைத் தரையில் வைத்துவிட்டு மரத்தைச் சுற்றி ஒரு முறை நடக்கிறார், கொம்பு எந்தப் பக்கம் கனத்திருக்கிறது என்று அண்ணாந்து பார்க்கிறார், கரண்டுக் கம்பி எங்கே போகிறது, விழுந்தால் தான் எந்தப் பக்கம் ஓடுவது என்று பார்க்கிறார். சில சமயம், “இதுக்கு இது வேண்டாங்க, சின்னது போதும்” என்று சொல்லிவிட்டு வண்டியிலிருந்து வேறொன்றை எடுத்து வருகிறார்.